மணிக்கு ஒன்று: வில்லோ ரன் ஆலையும் பி-24 விமானமும்

பி-24எச்-15-எஃப்ஓ. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் முழுப் பெயர் இப்படித்தான் இருக்கும். ‘எச்’ என்பது மாடல். ‘எஃப்ஓ’ என்பது ஆலை: மிச்சிகன் மாநிலம் இப்ஸிலாண்டிக்குப் பக்கத்தில் ஃபோர்டு நிறுவனம் நடத்திய வில்லோ ரன். நடுவில் இருக்கும் 15 என்பது பிளாக் எண். ஒரே வரைபடத்தில், ஒரே பாகங்களோடு கட்டப்பட்ட விமானங்களின் தொகுதி அது. அடுத்த தொகுதி 16 அல்ல, 20. பிளாக்குகள் 1, 5, 10, 15 என்று தாவித் தாவித்தான் போகும். இடையில் விட்ட எண்கள், ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு வேறொரு கூடத்தில் பிரித்து மாற்றப்படும் விமானங்களுக்காக ஒதுக்கப்பட்டவை.

விமானம் முடிந்து வெளியே வரும்போதே பழசாகியிருக்கும் என்பதை எண்ணிடும் முறையே ஒப்புக்கொண்டுவிட்டது. ‘மணிக்கு ஒரு விமானம்’ என்ற வில்லோ ரன் சாதனையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த விடுபட்ட எண்களைப் பார்ப்பதில்லை. போர் நடக்கும்போது வடிவமைப்பு மாறியே தீரும். அந்த மாற்றத்தின் செலவை அசெம்பிளி லைனில் கட்டலாம், வெளியே திருத்தும் கூடத்தில் கட்டலாம், இரண்டிலும் கட்டாவிட்டால் வானத்தில் விமானக் குழுவினர் கட்டுவார்கள். பி-24, இன்னொரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-17, பிரிட்டனின் லங்காஸ்டர் மூன்றையும் அருகருகே வைத்தால் அந்தச் செலவு எங்கெங்கே போய் விழுந்தது என்று தெரிகிறது.

இறக்கையிலிருந்து தொடங்கலாம்

மூன்றும் நான்கு இன்ஜின் விமானங்கள். முழுச் சுமையோடு ஏறத்தாழ ஒரே எடை, 65,000 பவுண்டை ஒட்டி. இறக்கைதான் வேறு. பி-17 இறக்கையின் நீளம் 103 அடி 9 அங்குலம், பரப்பு 1,420 சதுர அடி. லங்காஸ்டர் 102 அடி, கிட்டத்தட்ட 1,300 சதுர அடி. பி-24 110 அடி நீளம், ஆனால் பரப்பு 1,048 சதுர அடிதான். டேவிஸ் இறக்கை என்று பெயர் பெற்ற ஒல்லியான, நீண்ட இறக்கை அது. நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் பி-24க்கு 11.5, லங்காஸ்டருக்கு 8, பி-17க்கு 7.6 வருகிறது.

ஒல்லி இறக்கை காற்றைக் குறைந்த இழுவையோடு கிழித்துப் போகும். தூரம் கூடும். 1943இல் அட்லாண்டிக் நடுவே விமானக் காவல் எட்டாமல் கிடந்த கடற்பரப்பை மூடியதும் நீண்ட தூர லிபரேட்டர்கள்தான், அதாவது பி-24கள்தான். இலங்கையில் சிகிரியா, காங்கேசன்துறை போன்ற தளங்களிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆவது ஸ்குவாட்ரன் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்ததும் அதே இறக்கையை நம்பித்தான்.

மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் பி-24இல் சுமார் 62 பவுண்டு தாங்கியது, பி-17இல் 46தான். ஆகவே பி-24 ஜெர்மனிக்கு மேல் பி-17 பறந்த உயரத்துக்கு ஏறி, வரிசை குலையாமல் பறக்கத் திணறியது. குண்டுபட்ட இறக்கையோடு வீடு திரும்பும் வாய்ப்பிலும் பி-17தான் பெயர் வாங்கியது.

தயாரிப்பாளர் கண்ணோடு பார்த்தால் பி-24 நல்ல பிள்ளை. பி-17இன் உடல் வட்டக் குழாய். வால் நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதால் சட்டத்துக்குச் சட்டம் விட்டம் மாறும். பி-24இன் உடல் நின்ற பெட்டி போல, பக்கங்கள் தட்டை. தட்டையான பக்கத்தைத் தனியாகப் படுக்க வைத்து, ஒயர், குழாய் எல்லாம் பொருத்திவிட்டு, கடைசியில் இரண்டு பக்கங்களையும் சேர்க்கலாம். கார் ஆலைக்காரர்களுக்குப் பிடித்த அமைப்பு.

சான் டியாகோவில் ஒரு ராத்திரி

1941 ஜனவரியில் ஃபோர்டின் உற்பத்தித் தலைவர் சார்லஸ் சோரன்சன், பி-24ஐ வடிவமைத்த கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் சான் டியாகோ ஆலைக்குப் போனார். அங்கே நாளுக்கு ஒரு விமானம் என்பதுதான் திட்டம். இறுதிக் கோர்ப்பு வெட்டவெளியில், இரும்புச் சட்டத்தின் மேல் நடந்தது. வெயிலில் சட்டம் விரியும், மாலையில் சுருங்கும். இரண்டு விமானங்கள் ஒரே அளவில் வராது என்று சோரன்சன் முடிவு கட்டினார். அன்றிரவே விடுதி அறையில் உட்கார்ந்து மணிக்கு ஒரு விமானம் என்ற கணக்கில் ஓர் ஆலையின் தளப்படத்தைக் கிறுக்கினார். இறக்கைத் துண்டுகள் மட்டும் செய்து கொடுங்கள் என்ற கோரிக்கையை மறுத்துவிட்டார். முழு விமானம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

சோரன்சன் பார்த்தது சரியான குறை. சான் டியாகோவில் அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவர் துண்டை வைத்துப் பார்த்து, ராவி, இடைவெளியில் ஷிம் என்ற மெல்லிய தகடு சொருகிச் சேர்ப்பார். அவர் கைக்குத் தெரிந்தது வரைபடத்தில் இருக்காது. கார் ஆலையில் அது நடக்காது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் எடுத்த பாகம் ராவாமல் உட்கார வேண்டும். எனவே ஃபோர்டு ஆட்கள் கன்சாலிடேட்டட் வரைபடங்களைத் தங்கள் முறைப்படி முதலிலிருந்தே வரைய வேண்டியிருந்தது. அவர்கள் வரைந்துகொண்டிருந்த அதே நேரத்தில் சான் டியாகோவில் வரைபடம் மாறிக்கொண்டும் இருந்தது.

ஆல்பர்ட் கான் வடிவமைத்த கட்டடம் 1941 வசந்தத்தில் வயல்வெளியில் எழும்பத் தொடங்கியது. சுமார் 35 லட்சம் சதுர அடி. ஒரு மைல் நீள லைன் நடுவழியில் சட்டென்று செங்கோணமாகத் திரும்பும். திருப்புவதற்கு ராட்சத சுழல்மேடைகள். பக்கத்து மாவட்ட எல்லைக்குள் கட்டடம் நுழைந்தால் வரி கூடும் என்பதால்தான் அந்தத் திருப்பம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

எஃகு டையும் ஐஸ் பெட்டியும்

விமானத் தொழில் அதுவரை தகடு வளைக்கப் பயன்படுத்தியது மென்மையான டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு): துத்தநாகக் கலவையில் வார்த்தது, அல்லது ரப்பர் திண்டு. சில நூறு துண்டுகள் அடித்ததும் தேயும். தேய்ந்தால் உருக்கி மறுபடி வார்த்துக்கொள்ளலாம். மாதம் 20 விமானத்துக்கு அது போதும். வரைபடம் மாறினால் நட்டமும் சொற்பம்.

ஃபோர்டு எஃகு டைதான் வேண்டும் என்று நின்றது. எஃகு டை பல்லாயிரம் துண்டுகளை அளவு மாறாமல் அடிக்கும். ஆனால் செய்யவே மாதக்கணக்கு ஆகும். இன்னொரு சிக்கலும் இருந்தது. கார் உடலுக்கான இரும்புத் தகட்டுக்குப் பழகிய டை செய்பவர்களுக்கு அலுமினியம் புதிது. வளைத்து விட்டதும் அலுமினியத் தகடு அதிகமாகப் பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலை முன்கூட்டியே கணக்கிட்டு டையில் கூடுதல் வளைவு வைக்க வேண்டும். தகட்டின் மேல் துரு தடுக்கப் பூசிய தூய அலுமினியப் படலம் மிக மெல்லியது. டையில் ஒரு பிசிறு இருந்தாலும் கீறல் விழும். கீறல் ஆழமானால் துண்டு கழிவு. முதல் டைகளில் கணிசமானவற்றைத் திருத்தியோ தூக்கிப்போட்டோ மறுபடி செய்ய வேண்டி வந்தது.

தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணி அதைவிட நுணுக்கம். ஒரு பி-24இல் 3 லட்சத்துக்கு மேல் ரிவெட்டுகள். வலிமை அதிகம் கேட்கும் இடங்களுக்கான, 24எஸ் என்ற அலுமினியக் கலவை ரிவெட்டை உலையில் ஏறக்குறைய 495 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிர்விப்பார்கள். அப்போது அது மெத்தென்று இருக்கும். அறை வெப்பத்தில் விட்டால் தானாக இறுகத் தொடங்கும். 20 நிமிடம்போல் தாண்டினால் அடிக்கும்போது தலை வெடிக்கும். அதனால் உடனே ஐஸ் பெட்டியில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்து அடிப்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு மிஞ்சியதைத் திரும்பப் பெட்டியில் போடக்கூடாது, மறுபடி உலைக்குத்தான்.

அடிப்பது இரண்டு பேர் வேலை. வெளியே ரிவெட் அடிக்கும் துப்பாக்கி பிடிப்பவர், உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுப்பவர். தண்டு தகட்டுக்கு வெளியே தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடித்து முடிந்த தலை ஒன்றரை விட்டம் அகலமும் அரை விட்டம் உயரமும் இருக்க வேண்டும். கட்டை சாய்ந்தால் தலையும் சாயும். துப்பாக்கி நழுவினால் தகட்டில் பிறை வடிவ வெட்டு விழும். கெட்டுப்போனதைத் துளைத்து எடுக்கும்போது துளை பெரிதானால் அடுத்த சைஸ் ரிவெட். துளை ஓரத்துக்கு அருகில் இருந்துவிட்டால் அதுவும் முடியாது, தகட்டையே மாற்ற வேண்டும். இறக்கையின் குறுகலான உட்பகுதியில் முட்டுக்கொடுக்கக் குள்ளமான ஆட்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்தார்கள்.

இந்தக் கைப்பழக்கம் வர வாரங்கள் ஆகும். ஆனால் ஆள் நிற்கவில்லை. டெட்ராய்ட்டிலிருந்து 30 மைல், டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன், ஆலைப் பக்கம் தங்க வீடில்லை. டிரெய்லரிலும் கூடாரத்திலும் குடும்பங்கள். பயிற்சி முடித்தவரை ராணுவம் அழைத்துக்கொள்ளும். 1943 கோடையில் 42,000 பேருக்கு மேல் வேலை செய்தபோதும் ஆள் போதவில்லை. 1942 முழுக்க ஆலை கொடுத்தது 56 விமானங்கள். ‘வில்லோ ரன்’ என்ற பெயரை, ஓடுமா என்று கேட்கும் ‘வில் இட் ரன்’ என்று மாற்றிக் கேலி பேசினார்கள்.

வேகம் பிடித்தது 1943இல். அதற்குக் காரணமான ஒரு முடிவு அந்த ஒரு மைல் லைனின் தத்துவத்துக்கே எதிரானது: சிறு பாகங்களையும் துணைக் கோர்ப்புகளையும் ஆள் கிடைத்த டெட்ராய்ட் வட்டார ஆலைகளுக்கு அனுப்பிவிட்டு, வில்லோ ரன்னை இறுதிக் கோர்ப்புக்கு விட்டார்கள். 1944 உச்சத்தில் மாதம் 428 விமானங்கள். சுமார் 63 நிமிடத்துக்கு ஒன்று.

மூக்கு மாறியபோது

முதலில் வந்த ஃபோர்டு மாடல் பி-24ஈ. 490 கட்டினார்கள். வெளியே வந்தபோதே போர்முனைக்கு ஒத்துவராத நிலை. பெரும்பாலும் பயிற்சிக்குப் போனது. ஜெர்மன் சண்டை விமானிகள் நேர் எதிரே வந்து தாக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி மூக்கில் கையால் திருப்பும் துப்பாக்கிகள் போதவில்லை. மூக்கில் டரட், அதாவது மின்சாரத்தில் சுழலும் துப்பாக்கிக் கூண்டு வேண்டும்.

சொல்வதற்கு ஒரு வரி. வேலை எவ்வளவு என்று பாருங்கள். மூக்கு நீள வேண்டும். அதைத் தாங்கும் சட்டங்கள் மாறும். குண்டு குறிவைப்பவரின் இடம், முன்சக்கரக் கதவு, ஒயரிங் எல்லாம் நகரும். எடை முன்னால் கூடுவதால் சமநிலை மாறும். பி-24எச்சில் 50க்கு மேற்பட்ட உடல் மாற்றங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் வரைபடம், டை, ஜிக் (பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் சட்டம்), துணை ஒப்பந்தக்காரர். மென்மையான டை வைத்திருப்பவர் அடுத்த வாரமே வார்த்துவிடுவார். எஃகு டைக்காரருக்கு அது பாதி வருட வேலை.

ஆட்களின் நேரக் கணக்கும் இதில் கலக்கிறது. உற்பத்தி எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான உழைப்பு 20 சதவீதம் குறைகிறது என்று விமானப் பொறியாளர் டி. பி. ரைட் 1936இல் எழுதியிருந்தார். 100ஆவது விமானத்துக்கு 100 பங்கு உழைப்பு என்று வைத்தால் 200ஆவதுக்கு 80, 400ஆவதுக்கு 64, 800ஆவதுக்கு 51. மூக்கை மாற்றினால் அந்தப் பகுதிக்கு மட்டும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மாற்றங்களைச் சேர்த்து வைத்து பிளாக் எல்லையில் மட்டும் நுழைப்பது இதனால்தான். லைனில் நிற்பவர் சில நூறு விமானங்களுக்கு ஒரே வேலையைச் செய்வார். அந்த இடைவெளியில் பிறக்கும் அவசர மாற்றங்கள் அனைத்தும் வெளியே திருத்தும் மையத்துக்குத் தள்ளப்படும்.

1942 தொடக்கத்தில் விமான நிறுவனங்களின் பராமரிப்புத் தளங்களை வாடகைக்கு எடுத்துத்தான் இந்த மையங்கள் தொடங்கின. பி-24க்கு அலபாமாவின் பர்மிங்காமில் பெரிய மையம் ஒன்று இருந்தது. புத்தம்புது விமானத்தின் தகட்டை அறுத்து, ஒயரை இழுத்து, டரட்டை மாட்டி அனுப்புவார்கள். ஆலையில் ஒரு தடவை அடித்த ரிவெட்டை இங்கே துளைத்து எடுத்து மறுபடி அடிப்பார்கள். ‘63 நிமிடம்’ என்ற கணக்கில் இந்த மணிநேரங்கள் வராது.

மையங்களை வெறும் நட்டக் கணக்காகவும் எழுதிவிட முடியாது. பி-17இன் வாலில் வந்த ‘ஷையன் டரட்’, வயோமிங் மாநிலத்தின் ஷையனில் யுனைடெட் ஏர்லைன்ஸ் நடத்திய மையத்தில் பிறந்தது. பிறகுதான் ஆலைகளின் பிளாக்குகளுக்குள் போனது. லைனை நிறுத்தாமல் புதிய யோசனையைச் சோதிக்க வேறு இடம் கிடையாது.

பி-24ஐ 5 ஆலைகள் கட்டின: சான் டியாகோ, ஃபோர்ட் வொர்த், டல்சா, டல்லஸ், வில்லோ ரன். ஃபோர்டு முழுதாக 6,792 விமானங்களும், டல்சாவுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் லாரிகளில் அனுப்பிக் கோர்க்கச் சொன்ன 1,893 விமானத் தொகுப்புகளும் செய்தது. மொத்தம் 18,000த்தைத் தாண்டிய பி-24களில் ஏறத்தாழ பாதி. ஆனால் பாகங்கள் ஆலைக்கு ஆலை பொருந்தவில்லை. எல்லாரும் ஒரே மாடல் கட்டட்டும் என்றுதான் பி-24ஜே வந்தது, 6,678 கட்டினார்கள். அதிலும் சான் டியாகோ ஜேயின் மூக்கில் ஹைட்ராலிக்கில் சுழலும் டரட், ஃபோர்டு ஜேயின் மூக்கில் மின்சாரத்தில் சுழலும் எமர்சன் டரட். பெயர் ஒன்று, உள்ளே ஓடுவது ஒன்றில் எண்ணெய்க் குழாய், மற்றதில் மின்கம்பி. முன்னணித் தளத்தின் ஸ்டோர்கீப்பருக்கு இதைவிடத் தலைவலி வேண்டியதில்லை.

(போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை, பிரிட்டிஷார் வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனவற்றையும் சேர்த்து, பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தேற்றி எடுத்து இந்திய விமானப்படைக்குக் கொடுத்தது. அவை 1968 வரை பறந்தன. இப்படிக் கலந்துகட்டிய சரக்கில் ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்திய மெக்கானிக்குகளின் வேலையை யாராவது விரிவாக எழுத வேண்டும்.)

மான்செஸ்டரில் வேறு கணக்கு

லங்காஸ்டரைக் கட்டிய பிரிட்டிஷ் நிறுவனமான ஆவ்ரோவின் முந்தைய மான்செஸ்டர் விமானம் இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் வல்ச்சர் இன்ஜின்களை நம்பியது. ஒவ்வொன்றிலும் 24 சிலிண்டர். இன்ஜின் சொதப்பியது, 200 சொச்சம் கட்டியதோடு நின்றது. ஆவ்ரோவின் வடிவமைப்பாளர் ராய் சாட்விக்கின் குழு புது விமானம் வரையவில்லை. உடலும், 33 அடி நீளக் குண்டு அறையும், இறக்கையின் நடுப்பகுதியும் பெரும்பாலும் அப்படியே. வல்ச்சர் இருந்த இடத்தில் ரோல்ஸ்-ராய்ஸின் இன்னொரு இன்ஜினான மெர்லின். வெளி இறக்கையை நீட்டி இன்னும் இரண்டு மெர்லின். 90 அடி இறக்கை 102 அடியானது. 1941 ஜனவரி 9 அன்று முதல் பறப்பு. மான்செஸ்டருக்காக ஜிக்கில் இருந்த விமானங்களே முதல் லங்காஸ்டர்களாக வெளியே வந்தன. ஆண்டு முடிவதற்குள் 44ஆவது ஸ்குவாட்ரனுக்குப் போய்ச் சேர்ந்தது. சோரன்சன் தளப்படம் கிறுக்கிய அதே மாதத்தில் தொடங்கிய கதை இது.

லங்காஸ்டர் உடலைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கருவிகளை முழுக்கப் பொருத்தி, சாலையில் ஏற்றிச் சென்று விமானத் தளத்தில் போல்ட் போட்டுச் சேர்க்கலாம். ஒரே கூரையின் கீழ் ராட்சத ஆலை தேவைப்படவில்லை. மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ், ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த், ஆஸ்டின், கனடாவின் விக்டரி என்று வேலை பிரிந்தது. மெர்லின் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் முன்யோசனை இருந்தது: ஹெர்குலிஸ் இன்ஜின் போட்ட 300 மார்க்-2 லங்காஸ்டர்களை ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் கட்டியது. அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் கட்டிய மெர்லின் தாராளமாக வந்ததும் அது தேவையற்றுப் போனது. மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள்.

லங்காஸ்டரை அதிகம் மாற்றாமல் கட்டினார்கள். எண்ணிக்கை சீராக ஏறியது. அதன் செலவை விமானத்துக்குள் இருந்தவர்கள் கட்டினார்கள். வயிற்றுப்பக்கம் பெரும்பாலானவற்றில் துப்பாக்கி கிடையாது. ஜெர்மன் இரவுச் சண்டை விமானங்கள் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகளோடு அடியில் வந்து நின்று சுட்டன. மூக்கின் தரையில் இருந்த தப்பிக்கும் கதவின் அகலம் 22 அங்குலம். பாராசூட்டோடு நுழைவது பெரும்பாடு. சுடப்பட்ட லங்காஸ்டரிலிருந்து உயிர் தப்பியவர்களின் விகிதம் இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான ஹாலிஃபாக்ஸை விடக் குறைவு என்பதை, பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் இருந்த ஃப்ரீமன் டைசன் கவனித்தார். கதவை இரண்டு அங்குலம் அகலமாக்குவது லைனுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது. இந்த ஒரு விஷயத்தில் ஆவ்ரோவையும் அமைச்சகத்தையும் மன்னிக்க முடியவில்லை.

ஹாலிஃபாக்ஸ் ஆலைகளையும் லங்காஸ்டருக்கு மாற்றுங்கள் என்று பாம்பர் கமாண்டின் தலைவர் ஆர்தர் ஹாரிஸ் நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஜிக்கை மாற்றும் மாதங்களில் எந்த விமானமும் வராது என்ற கணக்கு குறுக்கே நின்றது. 6,176 ஹாலிஃபாக்ஸ் கட்டி முடித்தார்கள்.

பி-17ஐ வடிவமைத்த போயிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சியாட்டிலில் ஒரே நீண்ட லைன் கிடையாது. குட்டை லைன்கள் பல, துணைக் கோர்ப்புகள் பக்கத்திலேயே முடிந்து வரும். 1944 மார்ச்சில் 362 விமானங்கள் வெளியே வந்தன. பி-17ஐக் கட்டிய மற்ற இரண்டு நிறுவனங்களான டக்ளஸும் வேகாவும் போயிங்கோடு ஒரே குழுவாக உட்கார்ந்து வரைபட மாற்றத்தை ஒன்றாக முடிவு செய்தன. பி-24க்கு இல்லாமல்போனது அந்த மேஜைதான். அதே போயிங் தன் அடுத்த பெரிய குண்டுவீச்சு விமானமான பி-29இல் வழுக்கியது: 1944 வசந்தத்தில் முடியாத விமானங்கள் கேன்சஸ் தளங்களில் பனியில் நிற்க, ஆலை ஆட்களைக் கூட்டிவந்து திறந்தவெளியில் திருத்தினார்கள்.

ஒற்றை வால்

1944 கோடையில் பி-24 தேவைக்கு மேல் வந்து குவிந்தது. அதே சமயம் இங்கிலாந்தில் இருந்த அமெரிக்காவின் 8ஆவது விமானப்படை, தன் 3ஆவது டிவிஷனின் 5 பி-24 குழுக்களை பி-17க்கு மாற்றிக்கொண்டிருந்தது. டல்லஸ் லைன் நின்றது, டல்சா ஏ-26 விமானத்துக்கும் ஃபோர்ட் வொர்த் பி-32 விமானத்துக்கும் போயின. சான் டியாகோவும் வில்லோ ரன்னும் மட்டும் மிஞ்சின.

பி-24க்கு உண்மையில் வேண்டியிருந்த மாற்றம் வாலில். இரட்டைச் செங்குத்து வாலைக் கழற்றிவிட்டு, பி-23 விமானத்தின் ஒற்றை வாலை ஒட்டவைத்த ஒரு பி-24ஐ 1943 செப்டம்பரிலேயே பறக்கவிட்டுப் பார்த்தார்கள். விமானம் அடங்கி நின்றது. பின் துப்பாக்கிக்காரருக்குப் பார்வையும் சுடும் வீச்சும் விரிந்தன. 1944 ஏப்ரலில் இனி எல்லா பி-24க்கும் ஒற்றை வால் என்று பரிந்துரை வந்தது. அது பி-24என். ஃபோர்டுக்கு 5,168 ஆர்டர். இரட்டை வாலோடு எல், எம் மாடல்கள் மட்டும் 2,927 வில்லோ ரன்னிலிருந்து அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. 1945 மே மாத இறுதியில் ஆர்டர் ரத்தானபோது மாதிரிகளோடு சேர்த்துக் கட்டி முடித்திருந்த பி-24என் விமானங்கள் எட்டு.

உயரமான ஒற்றை வாலோடு, நீட்டிய உடலோடு கடற்படைக்குப் போன, பி-24இலிருந்து பிறந்த பிரைவேட்டியர் விமானங்கள் 739. அவற்றைக் கட்டியது, சோரன்சன் வெயிலில் சட்டம் வளைகிறது என்று குறை சொன்ன சான் டியாகோ.